ஒரு கிண்ணம் குறைவாக

நைனார்பாளையத்தில் எங்கள் சபை சின்னது. நாற்பது பேர், நாற்பத்தொரு பேர், அவ்வளவுதான். ஓடு வேய்ந்த கோயில், வாசலில் ஒரு வேப்பமரம், சுற்றிலும் முள்வேலி. பெருக்குவது, மணியடிப்பது, திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவது, கிண்ணம் கழுவுவது எல்லாம் நான். ஞானஸ்நானத்தில் எனக்கு மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கு நான் தைலம்மாள்.

கோயில் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. யார் வீட்டில் சண்டை, யார் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் மணிலாக்கொட்டை பிடுங்கப் போனார்கள், எல்லாவற்றையும் பாஸ்டர் என்னிடம்தான் கேட்பார். ‘தெரியாது’ என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும் எடுக்கிற நாள். முந்தின நாள் சாயங்காலம், எடுக்கப்போகிறவர்கள் பாஸ்டரிடம் வந்து பேர் கொடுக்க வேண்டும். பகை இருந்தால் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். குற்றம் ஏதாவது இருந்தால் அந்த மாதம் பேர் கிடையாது. கடைசியில் பாஸ்டர் இத்தனை பேர் என்று எனக்குச் சொல்வார். விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களில், சொன்ன எண்ணிக்கைக்கு மட்டும் ரசம் ஊற்றுவேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நான் எட்டு மாதமாக ஒன்று குறைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். குறைத்தது என்னுடையதை. தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறவள் குடித்தாளா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? முதல் ஏழு மாதம் யாரும் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் என் தம்பி சின்னராசு. இல்லை, நான்தான் காரணம். முதலில் இருந்து சொல்கிறேன்.

கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து வரிசையாக ஆட்கள் செத்தார்களே, அந்த வருஷம். கள்ளக்குறிச்சி முழுக்க ஒப்பாரியாகக் கிடந்தது. எங்கள் பாஸ்டர் அன்புச்செல்வன் சின்ன வயசுக்காரர், வேதாகமக் கல்லூரி முடித்து நேராக எங்களிடம் வந்தவர். சாவு வீடுகளுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்து, பிரசங்கத்தில் கண் கலங்கச் சொன்னார். இனி இந்தச் சபையில் சாராயத்தை ஒரு வாய் தொட்டவனுக்கும் திருவிருந்து கிடையாது என்றார். நான்தான் எல்லாருக்கும் முன்னால் ஆமென் சொன்னேன். என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர். பதினோரு வருஷம் அந்த வாடையோடு ஒரே பாயில் படுத்தவள் நான். ஒரு ஆள் தெருமுனையில் திரும்பும்போதே போட்டிருக்கிறானா இல்லையா என்று என் மூக்கு சொல்லிவிடும் என்று பீற்றிக்கொள்வேன்.

அந்த ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை, காலையில் தம்பி வந்தான். அவன் கொத்தனார். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு நான் ஆக்கிப் போட்ட சோற்றில் வளர்ந்தவன். வேலைக்குப் போகிற வழியில் குனிந்து வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, “இன்னாக்கா, காபி இருக்குதா?” என்றான். அவன் வாய் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. குப்பென்று அடித்தது.

“கேஸு தீந்துபோச்சி, காபி கெடையாது, போடா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவனும் போய்த் திருவிருந்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அது தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக பாஸ்டரிடம் போனேன். “காலைலயே போட்டுட்டு வந்துட்டான் பாஸ்டர். என் தம்பின்னு நான் மறைக்க மாட்டேன்” என்றேன். சொந்தத் தம்பியையே காட்டிக்கொடுக்கிறேன் என்பதில் ஒரு பரிசுத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. பாஸ்டர் வேறு கேள்வி கேட்கவில்லை. தைலம்மாள் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேரை அடித்தார். நாற்பத்தொன்று நாற்பதானது.

அவனிடம் பாஸ்டர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அக்காளே சொல்லிவிடுவாள் என்று பாஸ்டர் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் சொல்லவில்லை.

மறுநாள் எட்டெட்டுப் பேராக வந்து மண்டியிட்டார்கள். தம்பி மூன்றாவது வரிசையில், கடைசி ஆள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். பாஸ்டர் ஏழு பேருக்குக் கொடுத்தார். எட்டாவது ஆளைத் தாண்டிப் போனார். நான் தட்டோடு பின்னாலேயே போனேன். தம்பி நீட்டிய கையை மடக்கவில்லை. தட்டில் இருந்த கிண்ணங்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றைக்கே ஊரை விட்டும் போய்விட்டான். போன் போட்டால் எடுப்பதில்லை.

போகட்டும், திருந்தினால் வருவான் என்று இருந்தேன். எட்டு மாதம் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

பிறகு ஏப்ரல் வந்தது. திருவிருந்துக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னீர் திராட்சையைக் கழுவிப் பிசைந்து பானையில் போட்டுவிட்டு அடுப்பைத் திருகினால், சிலிண்டர் காலி. சரி, காலையில் காய்ச்சிக்கொள்ளலாம் என்று துணி போட்டு மூடி வைத்தேன். விடியற்காலையில் கோயிலைப் பெருக்கிவிட்டு வந்து பூட்டைத் திறந்து, குனிந்து உள்ளே நுழைந்தேன்.

குப்பென்று அடித்தது.

வீட்டில் யாரும் இல்லை. நான் பூட்டிக்கொண்டு போன வீடு. தம்பி இல்லை, வீட்டுக்காரர் இல்லை. அதே வாடை. பானையைத் திறந்தேன். பிசைந்து வைத்த திராட்சை வெயில் காலத்து வெக்கையில் ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி, நுரை கட்டி நின்றது. ஆகஸ்டு மாதத்திலும் இப்படித்தான் கேஸ் தீர்ந்தது. அன்றைக்கும் அந்த மூலையில், மூடி வைத்த பானையில், ராத்திரி முழுக்கத் திராட்சை கிடந்தது. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்கு வாடை பழகிப்போயிருக்கும். கதவைத் திறந்து அவன் வந்தபோது காற்று அடித்திருக்கும். ஆண்டவருடைய பந்திக்கு வைத்த ரசத்தின் வாடையை என் தம்பி வாயில் ஏற்றிவிட்டேனோ?

‘ஏற்றிவிட்டேன்’ என்று என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் வேதனை. அவனும் எப்போதாவது குடிக்கிறவன்தான், முன்னால் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் குடித்தும் இருக்கலாம். பானையாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் என் கிண்ணத்தை நான் ஊற்றவில்லை. உனக்கு எதற்குடி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. கோயிலில் எல்லாரும் மண்டியிட, நான் மட்டும் தட்டோடு நிற்பேன். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக நான் எங்கேயும் இருந்ததில்லை, என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட.

எட்டாவது மாதம், நவம்பரில், கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் கேட்டுவிட்டார். “இன்னாம்மா, நீங்க எடுக்கறதில்லியா?” அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். “அப்ப அவரு குடிக்கலன்னு சொல்றீங்களா?”

“அதத்தான் பாஸ்டர் என்னால சொல்ல முடியல.”

“போய் அவரையே கேட்டுட்டு வாங்க. இல்லன்னு சொன்னாருன்னா அடுத்த மாசம் பேர சேத்துடலாம்” என்றார். அடித்ததும் சுலபமாக இருந்தது, சேர்ப்பதும் சுலபமாக இருந்தது அவருக்கு. கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

தம்பி வெள்ளிமலைப் பக்கம் வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறான் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். சின்னசேலம் போய், கள்ளக்குறிச்சி போய், மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு தொடங்கியதும் குமட்டல் எடுத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். வெள்ளிமலையில் இறங்கி, சாமை மூட்டை ஏற்றின ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து இன்னும் நாலு கிலோமீட்டர்.

பாதி எழும்பின ஒரு சுவருக்கு முன்னால், சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கரணை அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடியும் பூசினான்.

“இந்தக் கலவ இறுகிடும். குந்து, வர்றேன்” என்றான்.

ஒன்றேகால் வருஷம் கழித்துப் பேசின முதல் பேச்சு அது. மணல் குவியலில் உட்கார்ந்தேன். மலைக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தான். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். எட்டத்தில், செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பானையைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கேஸ் தீர்ந்தது, நுரை கட்டியது, பாஸ்டரிடம் போய்ச் சொன்னது, சொன்னபோது எனக்குள் இருந்த பெருமை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டான்.

“சொல்ட்டியா? இப்ப இன்னா வேணும்?”

“அன்னிக்கி நீ குடிச்சிருந்தியா, இல்லியாடா? அது ஒண்ண மட்டும் சொல்லு. நான் கெளம்பிடுறேன்.”

அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “சொல்ல மாட்டேன்.”

“டேய்...”

“இல்லன்னு சொன்னா நீ செத்துப்பூடுவ. ஆமான்னு சொன்னா நீ மறுபடி நல்லவளாயிடுவ. ரெண்டும் எனக்கு வேணாங்க்கா.”

கையிலிருந்த டீயை மணலில் வைத்தேன்.

“எட்டு பேரு மண்டி போட்டோம். ஏழு பேருக்கு குடுத்தாரு. கைய நீட்டிகினு இருந்தேன் பாரு, அது இன்னிக்கும் நீட்டிகினேதான் இருக்குது. ராத்திரில திடீர்னு முழிப்பு வரும். உன்ன கொல்லணும் போல இருக்கும். அப்புறம், அவ சொன்னதுல தப்பு இல்ல, நான் நாயிதான்னு தோணும். மறுநாளு, நான் யோக்கியன், அவங்க எல்லாம் மாய்மாலக்காரங்கன்னு தோணும். இப்படியே கொஞ்ச நாளு போச்சி. அப்புறம் அந்த வேலைய வுட்டுட்டேன்.”

“எந்த வேலைய?”

“தீர்ப்பு சொல்ற வேலைய. உனக்கும் சொல்றதில்ல, எனக்கும் சொல்லிக்கிறதில்ல. தோ, இந்த செவுத்தையே நான் கண்ணால பாத்து நேரா இருக்குதுன்னு சொல்ல மாட்டேன். தூக்குக்குண்டு போட்டுத்தான் பாப்பேன். இருவது வருசமா செவுரு கட்றவன் நானு. நீ மூக்கால சொல்ட்ட.”

“தப்புதான்டா. அதுக்குத்தான் நான் கிண்ணத்தத் தொடறதே இல்ல. எட்டு மாசமாச்சி.”

அவன் நிமிர்ந்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான். “யாரு வேணான்னா? பாஸ்டரா?”

“இல்ல. நானேதான்.”

டம்ளரைச் செங்கல் மேல் டக்கென்று வைத்தான். “என்ன வெலக்கி வெச்சதும் நீதான். உன்ன வெலக்கி வெச்சிக்கிறதும் நீதான். அப்ப ஆண்டவருக்கு இன்னாதான் வேல வெச்சிருக்கற?”

சாரத்தில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டான். நான் அழுதேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் அழுகையில் பாதி துக்கம், பாதி ஆத்திரம். எட்டு மாதம் பட்டினி கிடந்து நான் சேர்த்து வைத்த தண்டனையை ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டானே என்ற ஆத்திரம். அதையும் ஒரு புண்ணியம் போலத்தான் நான் வைத்திருந்தேன் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது.

“என்ன மன்னிச்சியா?” என்று கேட்டேன்.

கையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான். “வாய்க்கு வரல. பொய்யா சொல்ல மனசு இல்ல. வந்துச்சின்னா நானே வந்து சொல்றேன்.”

“சபைக்கு வருவியா? பேர சேக்கச் சொல்லவா?”

“சேக்கறதும் சேக்காததும் உங்க இஷ்டம். என்ன கேக்க வேண்டியவரு கேப்பாரு, அவருகிட்ட சொல்லிக்கிறேன்” என்று எழுந்தான். “மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் லேட்டாயிடும். கெளம்பு.”

ஜீப்பில் வெள்ளிமலை வரை கூடவே வந்தான். பஸ்ஸில் என் பையை மேலே வைக்க என் தலைக்கு மேல் குனிந்தான். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. என் மூக்கு தானாக விரிந்தது. பழக்கம். சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பையை வைத்துவிட்டு அவன் இறங்குகிறவரை மூச்சு விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கீழே நின்று, “ஜன்னல சாத்திக்க, குளிரும்” என்றான். பஸ் வளைவில் திரும்புகிறவரை நின்றான். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

டிசம்பர் மாதச் சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் கேட்டார். “போனீங்களா? இன்னா சொன்னாரு? குடிச்சிருந்தாரா, இல்லியா?”

“தெரியலிங்க பாஸ்டர்.”

அவர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதில்லை.

“தெரியாம நான் எப்படிம்மா சேக்கறது?”

“தெரிஞ்சா வெலக்குனீங்க?” என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் வந்தது. உடனே இறங்கினேன். “உங்கள சொல்லல. நான் சொன்னதாலதான் அடிச்சீங்க. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். அவன் பேரு எழுதுங்க. என் பேரும் எழுதுங்க.”

“அவரு வர்றாரா?”

“அதுவும் தெரியலிங்க.”

பாஸ்டர் நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார். “நாப்பத்தொண்ணு” என்றார். தலையை நிமிர்த்தாமலே, “அன்னிக்கி நான் அவர ஒரு வார்த்த கேட்டிருக்கணும்” என்றும் சொன்னார்.

காலையில் நாற்பத்தொரு கிண்ணத்திலும் ஊற்றினேன். கடைசி வரிசை வந்தபோது தட்டைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போய் மண்டியிட்டேன். முழங்கால் வலித்தது. அவர் ஒவ்வொருவராகத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார். உனக்கு எதற்குடி என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நாக்கு துடித்தது. பதில் சொல்லவில்லை. கையை நீட்டினேன். தம்பி அன்றைக்கு நீட்டியது போல, இரண்டு கையையும். கிண்ணம் கைக்கு வந்தது. குடித்தேன். எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பயமாக இருந்தது. ஆனால் நான் தனியாக நிற்கவில்லை, மண்டியிட்டிருந்தேன்.

தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது.

மிச்சமாகும் ரசத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, வேப்பமரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். எல்லாரும் போன பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சின்னசேலம் பஸ் வரும். வந்தது. ஒரு பொம்பளை கோழிக் கூடையோடு இறங்கினாள். பஸ் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் படிக்கு ஏறியதும் எழுந்து, மரத்தடியில் ஊற்றினேன்.

உள்ளே போய் நாற்பத்தொரு கிண்ணத்தையும் கழுவித் துணியில் கவிழ்த்தேன். அடுத்த மாதமும் பாஸ்டர் பேர் கேட்பார். தம்பி பேரைச் சொல்வேன். அன்றைக்கு அவன் குடித்திருந்தானா என்று யார் கேட்டாலும், தெரியாது என்பேன்.